சிப்பை மாற்றாமலே

கோபக்காரி என்று ஒரு முறை பேர் வாங்கிவிட்டால் போதும், அதற்குப் பிறகு நியாயமாகக் கோபப்பட்டாலும் ஏன் என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். "பட்டாசு வெடிச்சிருச்சுப்பா" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிப்பார்கள். அந்தக் கம்பெனியில் அவளுக்குப் பட்டாசு என்றே பேர். வைத்தது யார் என்று கேட்டால் ஆளாளுக்குப் பக்கத்தில் இருப்பவனைக் கை காட்டினார்கள், பயந்தாங்கொள்ளிகள்.

கம்பெனி என்றால் பெரிய கோட்டை ஒன்றும் இல்லை. கீழே ஒரு கூடம், அங்கே மெஷின்களை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டுகளுக்கு ஈயம் பற்றவைப்பார்கள். மேலே ஒரு நீள அறை, அங்கே புரோகிராம் எழுதுகிறவர்கள் மூக்கைத் திரையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். லிஃப்டுகளுக்கு எழுதுவது அவள். காகிதம் வெட்டும் மெஷின்களுக்கு எழுதுவது அவள் கணவன். இரண்டுக்கும் மூளை ஒரே பழைய எட்டு பிட் பிராசசர்தான். கல்யாணமான புதிதில் ஒரு கட்டளையை எங்கே வைப்பது என்று ஆரம்பித்த பேச்சு பாத்திரம் உருளும் அளவுக்குப் போனதால், வீட்டுக்குள் தொழில் பேச்சே கூடாது என்று முடிவு செய்திருந்தார்கள். அதனால் அவன் மேஜையில் என்ன நடக்கிறது என்பது அவளுக்கு மற்றவர்களுக்குத் தெரியும் அளவுதான் தெரியும்.

அவள் அண்ணன் ஓர் அச்சகத்தில் காகிதம் வெட்டுகிறவன். மெஷினும் இவர்கள் கம்பெனி போர்டு பொருத்தியதுதான். ஒரு மாதத்துக்கு முன்னால் அந்தக் கத்தி அவனுடைய வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டது.

நடந்தது இதுதான். மிதியை மிதித்தால் முதலில் அமுக்குக் கட்டை இறங்கித் தாளைப் பிடிக்கும், அதன்பின் கத்தி இறங்கும். கட்டை இறங்கும்போது தாள் கோணியிருந்தால் வெட்டுகிறவர்கள் கையை நீட்டி ஒரு தட்டுத் தட்டிச் சரிசெய்வார்கள். கத்திக்கு முன்னால் ஓர் ஒளிக்கற்றை ஓடும், கை குறுக்கே போனால் அது அறுபடும், கத்தி இறங்காது, மறுபடி மிதித்துக்கொள்ளலாம். எல்லா வெட்டுக்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். கம்பெனியிலிருந்து மெஷின் காட்ட வந்த ஆளே தன் கையை உள்ளே விட்டு, "பாத்தீங்களா, நின்னுடும்" என்று சிரித்துக் காட்டியவன்தான். அண்ணன் தட்டினான். கத்தி நிற்கவில்லை.

போர்டைக் கழற்றிக் கம்பெனிக்குக் கொண்டுவந்தார்கள். நூற்றுக்கணக்கான தடவை ஓட்டிப் பார்த்தார்கள், ஒவ்வொரு தடவையும் சமர்த்தாக நின்றது. மெஷினில் கோளாறு இல்லை, ஆளின் கவனக்குறைவு என்று முடித்து, போர்டைத் திரும்ப மாட்டிவிட்டார்கள். கொடுமை என்னவென்றால், அண்ணனே அதை நம்பினான். "கையை விட்டது நான்தானே, பாப்பா" என்று அவளிடம் சொல்லிச் சொல்லி அழுதான். அவளுக்கு வயிறு எரிந்தது. ஆனால் நிற்கிற மெஷினை நிற்கவில்லை என்று எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டாள்.

அச்சக முதலாளி கெட்டவர் இல்லை. அண்ணனுக்குக் கட்டுக் கட்டும் வேலை கொடுத்தார். அவன் மெஷினை ஓட்டும்படி அண்ணியிடம் சொன்னார். அண்ணியும் கல்யாணத்துக்கு முன்னால் அதே வேலை பார்த்தவள்தான். இன்றைக்குத்தான் முதல் நாள்.

காலை டீ நேரத்தில் மேலாளர் அவள் மேஜைக்கே வந்தார். எண்ணெய் தடவின மாதிரிப் பேசுகிற மனிதர். நல்ல சேதி சொல்லும் முகத்தோடு நின்றார்.

"உங்க அண்ணி மெஷின் ஓட்ட வந்துட்டாங்களாம். முதலாளி போன் பண்ணினார். நீங்க கவலையே படாதீங்கம்மா. அந்த மெஷின் முன்ன மாதிரி ஒரு தடவை மட்டும் பாக்குறதில்ல. மிதிச்சப்போ ஒரு தடவை, கத்தி இறங்கறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை ஒளியைப் பாக்கும். போன வருஷமே எல்லா மெஷினுக்கும் போட்டாச்சு. உங்க வீட்டுக்காரர் மூளையே மூளை! ஊர் ஊராப் போயி, ஒரு சிப்பைக்கூட மாத்தாம முடிச்சுட்டு வந்தாரே."

"சிப்பை மாத்தாமலா?" என்றாள்.

"மாத்தவே இல்ல!" என்று அவர் பெருமையாகக் கையை விரித்தார்.

அவள் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். அந்த அறையில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள், ஒருவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. அவளுக்கு உறைத்தது.

புரோகிராமைச் சிப்பில் எரித்து எழுதிவிட்டால் பிறகு மாற்ற முடியாது. புதுச் சிப்பில் பிட் எனப்படும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்று என்ற எண் இருக்கும். வேண்டிய பிட்டை எரித்துப் பூஜ்யம் ஆக்குவார்கள். பூஜ்யமானது பூஜ்யமானதுதான், தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தாலும் திரும்ப ஒன்றாகாது. ஆனால் ஒரு கட்டளையில் மிச்சம் இருக்கும் ஒன்றுகளையும் எரித்து அதை முழுப் பூஜ்யம் ஆக்கலாம், அதற்குத் தடை இல்லை. அந்தப் பழைய பிராசசரில் முழுப் பூஜ்யமும் ஒரு கட்டளைதான். அதற்கு பிரேக் என்று பேர், வண்டி பிரேக் இல்லை, ஓட்டத்தை முறிக்கும் பிரேக்.

வெளியிலிருந்து ஒரு கம்பி வழியாகத் துடிப்பு வந்து பிராசசரின் வேலையைக் கலைத்தால் அது சாதாரண இன்டரப்ட், அதாவது குறுக்கீடு; அதிலேயே புரோகிராம் தடுத்து வைக்க முடியாத வகையும் உண்டு. புரோகிராம் தன் வேலையைத் தானே கலைத்துக்கொண்டால் அது மென்பொருள் இன்டரப்ட். பிரேக் அந்த ரகம். அதைப் பார்த்ததும் பிராசசர் ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தும், எந்த இடத்துக்குத் திரும்பவேண்டும் என்பதைப் பத்திரமாக எடுத்து வைக்கும், நினைவகத்தின் கடைசியில் குறித்திருக்கும் முகவரிக்குப் போய் அங்கே சொன்ன வேலையைச் செய்யும், முடித்துவிட்டுத் திரும்பி வந்து மேலே தொடரும். ஆகவே பழைய புரோகிராமில் ஒரு வேலை விட்டுப்போயிருந்தால், அந்த இடத்தில் ஒரு பூஜ்யத்தை எரித்து, விட்டுப்போனதைச் சிப்பின் காலி மூலையில் எழுதிவிட்டால் தீர்ந்தது. அதற்கு ஒட்டுப் போடுவது என்று சொல்வார்கள். தொழிலில் எல்லோரும் செய்வதுதான். அவளே லிஃப்டில் மாடி எண் காட்டும் விளக்குக்குச் செய்திருக்கிறாள். அந்த விளக்கு ஒரு தடவை தப்பாக எரிந்தால் யாருக்கும் விரல் போகாது.

அவள் எழுந்து நேராகக் கணவனின் மேஜைக்குப் போனாள்.

அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத ஆள் அவன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டாவது சோதனையை பிரேக் வெச்சா போட்டீங்க?"

அவன் கை துடைப்பதை நிறுத்தியது. "இப்ப எதுக்கு அது?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. பிரேக்கா?"

"ஆமா. வேற எப்படிப் போடறது?"

"அந்த போர்டுல நேரம் எண்ணறதுக்கு மின்சாரத்துலேருந்து ஒரு துடிப்பு வருதே. அதை எங்க குடுத்திருக்கீங்க?"

அவன் அறையைச் சுற்றிப் பார்த்தான். "மெதுவாப் பேசு. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். எங்க குடுத்திருக்கீங்க?"

"தடுக்க முடியாத இன்டரப்ட்ல," என்றான்.

அவள் பயந்தது அதுதான். அந்தப் பிராசசருக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. பிரேக்கைச் செய்துகொண்டிருக்கும் அந்தக் கண நேரத்தில் தடுக்க முடியாத இன்டரப்ட்டும் வந்து சேர்ந்தால் அது குழம்பிப்போகும். பிரேக்குக்காக இடத்தைப் பத்திரப்படுத்திவிடும், ஆனால் பிரேக்கின் முகவரிக்குப் போகாமல் வெளியிலிருந்து வந்தவனின் முகவரிக்குப் போய்விடும். அங்கே வேலையை முடித்துவிட்டுத் திரும்பினால் பிரேக்கைத் தாண்டி வந்து நிற்கும். ஒட்டுப் போட்ட வேலை நடந்திருக்காது. நடக்கவில்லை என்ற சத்தமும் இருக்காது. இதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, எடுத்து வைத்ததில் பிரேக்கின் அடையாளமாக நிற்கும் ஒரு பிட்டைப் பார்ப்பது.

"நேரம் எண்ணுற இடத்துல அந்த அடையாள பிட்டைப் பாக்குறீங்களா?"

"அங்க எழுத இடமில்ல. சுத்தி எல்லாம் ஏற்கெனவே எரிச்சது."

"அப்ப பாக்கல."

"எப்பவோ ஒரு தடவை நடக்கிறது அது. ஆயிரக்கணக்கான வெட்டுக்கு ஒண்ணு."

"எங்க அண்ணன் வாரத்துக்கு எத்தனை ஆயிரம் வெட்டறான்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். பிறகு, "தற்காலிகமாத்தான் போட்டேன். புதுச் சிப் வரவழைக்கிறேன்னு மேலாளர்தான் சொன்னார்," என்றான்.

தற்காலிகமாம்! ஒரு வருஷம் தற்காலிகம். அண்ணனின் விரல் மட்டும் நிரந்தரமாகப் போய்விட்டது. அவளுக்கு அந்த மேஜையையே கவிழ்க்க வேண்டும் போல் இருந்தது.

"போர்டை இங்க கொண்டுவந்து ஓட்டினப்பக்கூட இது தோணலையா உங்களுக்கு?"

"அதனாலதான் நடந்ததுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது," என்றான் அவன், குரலை உயர்த்தாமல். "கையை உள்ள விட்டது உங்க அண்ணன்."

கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் அவனை அவள் நீங்க என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். "நீயெல்லாம் ஒரு மனுஷன்," என்று சொல்லிவிட்டு மேலாளர் அறைக்குப் போனாள்.

மேலாளர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "உணர்ச்சிவசப்படாதீங்கம்மா," என்றார். "சொந்த அண்ணன், வருத்தம் இருக்கும். ஆனா நீங்க சொல்றதைக் கண்ணால பாத்தவங்க யாரு? மெஷினை நிறுத்துன்னு நாம ஒரு இடத்துல சொன்னா, எல்லா இடத்துலயும் சொல்லணும். அப்புறம் கம்பெனின்னு ஒண்ணு இருக்குமா?"

"அண்ணி கை போனா?"

"போகாது."

"போகாதுன்னு நீங்க எப்படிச் சொல்றீங்க?"

"உங்க வீட்டுக்காரரே சொல்றாரே!"

அவள் அவர் மேஜையில் இருந்த போனையே எடுத்து அச்சகத்துக்குச் சுழற்றினாள். லைன் கிடைக்கவில்லை. இன்னொரு தடவை சுழற்றினாள். பிறகு போனை வைத்துவிட்டுப் படியிறங்கினாள். பின்னால் மேலாளர் கூப்பிட்டது காதில் விழுந்தது, விழுந்தால் விழட்டும் என்று நடந்தாள். அச்சகம் பெரிய சாலையைத் தாண்டி இரண்டு தெரு. சிக்னலுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் குறுக்கே புகுந்தாள். ஒரு வண்டிக்காரன் திட்டினான். அவனுக்கும் இரண்டு திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

அச்சகத்தின் உள்கூடத்தில் மை வாடையும் காகிதத் தூசியும் மெஷின் இரைச்சலும் ஒன்றாய் அடித்தன. அண்ணி வெட்டு மெஷின் முன்னால் நின்றிருந்தாள். தாள் கட்டை விரித்து உதறி, தட்டி, உள்ளே தள்ளி, மிதியை மிதித்தாள். கட்டை இறங்கியது, கத்தி இறங்கியது, ஏறியது. நல்ல வேலைக்காரி. இவள் வாசலிலிருந்தே கத்தினாள்.

"அண்ணி! நிறுத்துங்க!"

அண்ணி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "என்ன நாத்தனாரே, மொத நாளே மேற்பார்வைக்கு வந்துட்டீங்களா? நாங்க ஒழுங்காத்தான் வேலை பாக்குறோம்!"

"கையை எடுங்க முதல்ல. தள்ளி வாங்க."

மூலையில் முக்காலியில் உட்கார்ந்து கட்டுக் கட்டிக்கொண்டிருந்த அண்ணன் எழுந்து வந்தான். வலது கையில் இன்னும் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. "என்ன பாப்பா, இங்க வந்து சத்தம் போடறே?"

அவள் மூச்சு வாங்கச் சொன்னாள். அவர்களுக்குப் புரிகிற மாதிரிச் சொல்ல வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிதானமாகச் சொல்லப் பார்த்தாள்.

"அண்ணி, நீங்க அடுப்பைப் பாத்துட்டு இருக்கீங்க. நடுவுல போயி கேஸை மூடிட்டு வரணும்னு நீங்களே எந்திரிக்கிறீங்க. சரியா அந்த நேரம் வாசல் மணி அடிக்குது. கதவைத் திறந்து பேசிட்டுத் திரும்பி வந்து, எந்திரிச்சு போன வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சுக்கிட்டு அடுத்ததைப் பாக்க ஆரம்பிச்சுடறீங்க. கேஸ் திறந்தே கெடக்கு. இந்த மெஷினும் அதான் பண்ணுது. கத்திய இறக்கறதுக்கு முன்னாடி கை இருக்கான்னு பாக்கப் போகுது, அதே நேரம் வேற ஒண்ணு கூப்பிட்டா பாக்காமலே திரும்பிடுது. எப்பவாவது ஒரு தடவை. அந்த ஒரு தடவைதான் அண்ணனுக்கு."

அண்ணி மிதியிலிருந்து காலை எடுத்தாள். கணவனைப் பார்த்தாள்.

அண்ணனோ தலையில் அடித்துக்கொண்டான். "எனக்காகப் பரிஞ்சு பேசறேன்னு இருக்கிற சோலியையும் கெடுக்காதே. அவங்க ஓட்டிப் பாத்தாங்க. நின்னுது. தப்பு என்னுது. எட்டு விரலோட பொழைச்சுக்கிறேன், விடு."

"உன்னுது இல்லடா அண்ணா! மரமண்டையா, உன்னுது இல்லன்னுதான் சொல்லிட்டிருக்கேன்!"

கூடத்தில் மற்ற மெஷின்கள் ஒவ்வொன்றாய் நின்றன. எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். முதலாளி உள்ளறையிலிருந்து காதில் பென்சிலோடு வந்தார். அவருக்கு நேரம் இல்லை. சாயங்காலத்துக்குள் வெட்டி அனுப்ப வேண்டிய புத்தகங்கள் சுவரோரம் ஆளுயரம் நின்றன.

"உங்க மேலாளர் இப்பதான் போன் பண்ணினார்," என்றார். "நீங்க வருவீங்கன்னும் சொன்னார். எனக்கு உங்க சண்டையெல்லாம் வேண்டாம். புரோகிராம் எழுதினவரையே கூட்டிட்டு வர்றேன்னு சொல்லியிருக்கார். அவர் ஓட்டலாம்னா ஓட்டுவோம், கூடாதுன்னா நிறுத்துவோம். அவ்வளவுதான்."

"அவர் என்ன சொல்வார்னு எனக்குத் தெரியும்," என்றாள் அவள்.

"எழுதினவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் முதலாளி. அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

கொஞ்ச நேரத்தில் கம்பெனி கார் வந்து நின்றது. மேலாளர் முன்னால் வந்தார். பின்னால் அவள் கணவன் வந்தான். வாசற்படியில் தடுக்கிச் சமாளித்துக்கொண்டான். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை. அண்ணனின் கையையும் பார்க்கவில்லை. மெஷினை மட்டும் பார்த்தான்.

"வாங்க மாப்ள," என்றான் அண்ணன். இவன் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற குரல் அது. "பாப்பாகிட்ட நீங்களே எடுத்துச் சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறா."

"வாய்ப்புன்னு பாத்தா ரொம்ப ரொம்பக் குறைவுங்க," என்று ஆரம்பித்தான் கணவன். "பொதுவா இந்த மாதிரி போர்டுல..."

"சார்," என்று முதலாளி கையை உயர்த்தினார். "எனக்கு அதெல்லாம் புரியாது. ஓட்டலாமா, கூடாதா?"

மேலாளர் தொண்டையைச் செருமினார். "சொல்லுங்க. நீங்க எழுதினதுதானே."

அண்ணி மிதிக்கு மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். கையில் அடுத்த கட்டு இருந்தது. "அண்ணே," என்றாள் அவனிடம். நாத்தனார் புருஷன் அவளுக்கு அண்ணன் முறை, வாய் நிறையத்தான் கூப்பிடுவாள். "எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. நீங்க சொன்னா ஓட்டறேன்."

அவன் மேலாளரைப் பார்த்தான். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான்.

"ஓட்டலாம்," என்றான்.

பட்டாசு என்று பேர் வாங்கியவளுக்கு அந்த நொடியில் வாயே வரவில்லை. அவ்வளவு பெரிய கோபத்துக்கு வார்த்தை எங்கே இருக்கிறது?  அண்ணியின் கையைப் பிடித்து இழுக்கலாம் என்று ஓர் எட்டு வைத்தாள். அண்ணன் குறுக்கே வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். "மாப்ளயே சொல்லிட்டார்ல, பாப்பா. போதும்."

அண்ணி தாள் கட்டை உள்ளே தள்ளினாள். மிதியை மிதித்தாள். அமுக்குக் கட்டை இறங்க ஆரம்பித்தது. மேல் தாள்கள் நாலைந்து சறுக்கின. பழகின கை, யோசிக்கவில்லை, தட்டுவதற்காக உள்ளே போனது.

"கையை எடு! ஐயோ, கையை எடும்மா!"

கத்தியது அவள் கணவன். அதிர்ந்து பேசாத அந்த மனிதன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு பாய்ந்து, அண்ணியின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். இரண்டு பேரும் தாள் அடுக்கின்மேல் போய் விழுந்தார்கள். அடுக்கு சரிந்து கூடமெல்லாம் தாள் பறந்தது.

கத்தி இறங்கவே இல்லை. கை குறுக்கே போனது, கற்றை அறுபட்டது, இரண்டாவது சோதனை ஒழுங்காக நடந்தது, சிவப்பு விளக்கு எரிந்தது. மெஷின் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது.

"நின்னுடுச்சு!" என்றார் மேலாளர். "பாருங்க, எல்லாரும் பாத்துக்குங்க, நின்னுடுச்சு!"

ஒருத்தரும் மெஷினைப் பார்க்கவில்லை. தாள்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தார்கள். அவன் அண்ணியின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, விரல்களைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.  அண்ணி ஒன்றும் புரியாமல் விழித்தாள். பிறகு புரிந்தது. கையை உருவிக்கொண்டாள்.

அண்ணன் தங்கையின் தோளை விட்டான். மெதுவாக நடந்து போய் அவன் முன்னால் நின்றான்.

"நின்னுடும்னுதானே சொன்னீங்க. அப்புறம் எதுக்கு மாப்ள கத்தினீங்க?"

கணவன் பக்கத்தில் சரிந்து கிடந்த தாள்களை அடுக்கப் பார்த்தான்.

"எப்பலேருந்து தெரியும் உங்களுக்கு?"

"விடுங்க மச்சான்..."

"எப்பலேருந்துன்னு கேக்கறேன்ல!" அண்ணன் குரல் உயர்ந்து அந்தக் கூடத்தில் யாரும் கேட்டதில்லை. அவள்கூடக் கேட்டதில்லை. வீட்டில் கோபத்தை எல்லாம் அவளுக்கே விட்டுவைத்துவிட்டு அவன் பிறந்தான் என்று அம்மா சொல்வாள்.

"போர்டு கம்பெனிக்குத் திரும்பி வந்த அன்னிக்கு," என்றான் கணவன் தரையைப் பார்த்து. "பாத்தப்பவே தோணுச்சு."

முதலாளி காதிலிருந்த பென்சிலை எடுத்து மேஜையில் போட்டார். நேராகப் போய்ச் சுவரில் இருந்த பெரிய சுவிட்சை இறக்கினார். அந்த மெஷினின் இரைச்சல் இறங்கி அடங்கியது. மேலாளர் அவரிடம் ஏதோ சொல்லப் போனார். "வாயை மூடுங்க சார்," என்றார் முதலாளி. "இதே மெஷின் இன்னும் யார்யார் கிட்ட இருக்கு? அதை மட்டும் சொல்லுங்க, போன் பண்ணணும்."

அவள் மெஷினின் பக்கவாட்டு மூடியை ஒரு ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்தாள். போர்டு தூசி படிந்து உள்ளே இருந்தது. நடுவில் அந்தச் சிப். இரண்டு முனையிலும் மாற்றி மாற்றி நெம்பிச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் சிப்பின் இரண்டு கால்கள் வளைந்தன. வளையட்டும். இனி அது யாருக்கு வேண்டும்?

பின்னால் அண்ணன் பேசுவது கேட்டது. இப்போது கத்தவில்லை.

"போர்டு வந்த அன்னிக்குத்தானே மாப்ள நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்தீங்க. பாப்பா மருந்து வாங்கக் கீழ போயிருந்தா. நான் இந்தக் கையால உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு மன்னிப்புக் கேட்டேனே. என் கவனக்குறைவால உங்க மெஷினுக்குக் கெட்ட பேரு வந்துடுச்சு, உங்க வேலைக்கு எதுவும் ஆயிடுமோன்னு அழுதேனே." அவன் துணி சுற்றிய கையைத் தூக்கிக் காட்டினான். "நீங்க என் தலையைத் தடவிக் குடுத்தீங்க. 'நான் மனசுல ஒண்ணும் வெச்சுக்கல, நிம்மதியாத் தூங்குங்க'ன்னு சொன்னீங்க."

அவள் சிப்பைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினாள். இது அவளுக்குத் தெரியாது. இத்தனை நாள் ஒரே வீட்டில், ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள்.

கணவன் தட்டுத் தடுமாறி எழுந்தான். சட்டையெல்லாம் காகிதத் தூசி. முதலில் அவளைப் பார்த்தான். அங்கே ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்ததும் அண்ணன் பக்கம் கையை நீட்டினான்.

"மச்சான்..."

"இனிமே அப்படிக் கூப்பிடாதீங்க," என்றான் அண்ணன்.